டிரெய்லருடன் மீண்டும் சான்டா ஃபே: இரண்டாம் வருகைக்கான முழுமையான வழிகாட்டி

நியூ மெக்சிகோ மாநிலத்தின் தலைநகரமான சான்டா ஃபே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில், சாங்ரே டி கிறிஸ்டோ மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது. அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் இதைவிட உயரமானது வேறில்லை. ஸ்பானியர்கள் 1610ஆம் ஆண்டு நிறுவிய இந்நகரத்தின் மையப்பகுதி, மாட்டுவண்டிக்கும் கழுதைக்கும் போதுமான அகலத்தில் போடப்பட்ட தெருக்களை இன்றும் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கிறது. விமானத்தில் வந்து, வாடகைக் காரில் சுற்றி, விடுதியில் தங்கி ஒருமுறை இந்நகரத்தைப் பார்த்துவிட்டவர்கள், அடுத்த முறை பிக்கப் டிரக்கின் பின்னால், படுக்கையும் அடுப்பும் கொண்ட சக்கர வீடான டிரெய்லரைக் கட்டிக்கொண்டு வரும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் பயணம் நடக்கும் வரிசையிலேயே இவ்வழிகாட்டி விளக்குகிறது.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடலாம். டிரெய்லரில் வரும் இரண்டாம் வருகையின் தரத்தை முடிவு செய்வது பார்க்கும் இடங்களின் எண்ணிக்கை அல்ல. டிரெய்லரை எங்கே, எத்தனை இரவுகள் நிறுத்துகிறோம் என்பதுதான். அதைச் சரியாக முடிவு செய்துவிட்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். அதில் பிசகினால், நாளின் பாதி போக்குவரத்து நெரிசலிலும் வாகன நிறுத்தம் தேடுவதிலும் போய்விடும்.

முதல் படி: பழைய பட்டியலைக் கலைப்பது

முதல் பயணத்தில் பார்த்தவற்றை ஒரு தாளில் எழுதி, அவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: மீண்டும் பார்த்தே ஆகவேண்டியவை, நேரமின்மையால் விட்டுப்போனவை, ஒருமுறை போதும் என்று விடவேண்டியவை. மூன்றாவது பிரிவில் தயவுதாட்சண்யம் கூடாது. எடுத்துக்காட்டாக, லொரெட்டோ தேவாலயத்தின் சுழல் படிக்கட்டு 33 படிகளுடன், நடுவில் தாங்கும் தூண் இல்லாமல், இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி மேலேறும் வியப்புக்குரிய தச்சு வேலைதான். ஆனால் அதை ஒருமுறை நின்று பார்த்தவருக்கு, கட்டணம் செலுத்தி இன்னொரு முறை வரிசையில் நிற்பதால் புதிதாக ஏதும் கிடைப்பதில்லை. மாறாக, மியூசியம் ஹில்லில் உள்ள பன்னாட்டு நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தை எத்தனை முறை பார்த்தாலும் தீராது. அலெக்சாண்டர் ஜிரார்டு என்ற வடிவமைப்பாளர் உலகெங்கும் சேர்த்து அளித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களில் ஒரு சிறு பகுதிதான் அங்கே காட்சிக்கு உள்ளது. அதுவே பல ஆயிரம். இந்தியாவிலிருந்து போன பொம்மைகளும் அவற்றுள் இருக்கின்றன. முதல் வருகையில் அவசரமாக ஒரு மணி நேரத்தில் முடித்திருந்தால், இம்முறை அதற்கு ஒரு முழு முற்பகலை ஒதுக்குங்கள்.

விட்டுப்போனவற்றில் பெரியவற்றை மட்டும் எழுதாதீர்கள். நகரின் மையச் சதுக்கமான பிளாசாவிலிருந்து சில நிமிட நடையில் உள்ள 109 ஈஸ்ட் பேலஸ் அவென்யூ என்ற முகவரியைப் பலரும் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். அணுகுண்டுத் திட்டத்துக்காக லாஸ் அலமோஸுக்குப் போன அறிவியலாளர்கள் 1943ஆம் ஆண்டு முதல் வந்து இறங்கி, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மலைமேல் ஏறிய அலுவலகம் அங்கேதான் இருந்தது. ஒரு முற்றத்துக்குள் நுழைந்து நினைவுப் பலகையைப் படிப்பதற்குப் பத்து நிமிடம் போதும். அதன்பின் லாஸ் அலமோஸுக்குப் போகும் சாலையே வேறு மாதிரித் தெரியும்.

இரண்டாம் படி: பருவத்தைத் தேர்ந்தெடுப்பது

மார்ச் முதல் மே வரை நியூ மெக்சிகோவில் மேற்கிலிருந்து வீசும் காற்று கடுமையானது. காரில் போகிறவருக்கு அது ஒரு தொந்தரவு மட்டுமே. பக்கவாட்டில் பெரிய சுவரைப்போல நிற்கும் டிரெய்லரை இழுப்பவருக்கோ அது ஆபத்து. வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் காட்டுத்தீ அச்சத்தால் முகாம்களில் நெருப்பு மூட்டத் தடை விதிக்கப்படுவதும் வழக்கம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பருவமழை வரும். காலை வெயில் பளிச்சென்று இருக்கும். பிற்பகலில் இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டு மாலையில் வானம் தெளிந்துவிடும். வெளியே நடக்கும் வேலைகளை நண்பகலுக்குள் முடித்துக்கொண்டால் இம்மாதங்கள் மோசமில்லை.

என் கணிப்பில் மிகச் சிறந்தது செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரையான காலம். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும். சந்தையில் பச்சை மிளகாயை இரும்புக் கூண்டு உருளையில் போட்டுச் சுடும் மணம் தெருவெங்கும் பரவும். ஆனால் இக்காலத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. அக்டோபர் தொடக்கத்தில் ஆல்புகர்க்கியில் ஒன்பது நாள்கள் நடக்கும் பன்னாட்டு வெப்பக்காற்றுப் பலூன் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து டிரெய்லர்களும் மோட்டார் வீடுகளும் வந்து குவிகின்றன. ஆல்புகர்க்கியிலிருந்து 60 மைல் தொலைவில் உள்ள சான்டா ஃபேயிலும் அந்நாள்களில் இடம் கிடைப்பது அரிது. பலூன்களைப் பார்க்கும் எண்ணம் இல்லாதவர்கள் அந்த ஒன்பது நாள்களைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

ஆகஸ்டில் நடக்கும் பூர்வகுடிக் கலைச்சந்தையும் இதே விளைவை உண்டாக்கும். 1922இல் தொடங்கிய அச்சந்தை பார்க்கத் தகுந்தது. ஆனால் அதற்காகவே வருவதானால் மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டும். செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சோசோப்ரா என்ற ஏறத்தாழ 50 அடி உயரப் பொம்மையைக் கொளுத்தும் விழா நடக்கிறது. வில் ஷஸ்டர் என்ற ஓவியர் 1924இல் தொடங்கிவைத்த வழக்கம் அது. மனக்குறைகளைத் தாளில் எழுதிப் பொம்மையுடன் சேர்த்து எரித்துவிடுவார்கள். நம் போகிப் பண்டிகையை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: எடையும் உயரமும்

முதல் பயணத்தில் விமானம் சுமந்த உயரத்தை இம்முறை உங்கள் எஞ்சின் சுமக்கப் போகிறது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின், உயரம் ஒவ்வோர் ஆயிரம் அடி கூடும்போதும் தோராயமாக மூன்று விழுக்காடு திறனை இழக்கிறது. 7,000 அடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வீட்டருகில் சமதரையில் சிரமமின்றி இழுத்த டிரக், மலைப்பாதையில் திணறினால் அது பழுது அல்ல. காற்றில் ஆக்சிஜன் குறைந்திருப்பதே காரணம். டர்போ எஞ்சின்களில் இந்த இழப்பு குறைவு.

எனவே புறப்படுவதற்கு முன், நெடுஞ்சாலையோர டிரக் நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில், பயணத்துக்கு ஏற்றிய எல்லாப் பொருள்களுடனும் குடும்பத்தினருடனும் ஒருமுறை எடை போட்டுவிடுவது அவசியம். விற்பனைத் துண்டறிக்கையில் அச்சிட்ட எடையை நம்பக் கூடாது. அது காலி டிரெய்லரின் எடை. இதில் பலர் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை, டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச்சின் மேல் அழுந்த வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வால்போல ஆடத் தொடங்கும். 6,000 பவுண்டு டிரெய்லரென்றால் 600 முதல் 900 பவுண்டு வரை டிரக்கின் முதுகில் ஏறுகிறது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் சுமைத்திறன் 1,500 பவுண்டு என்று இருந்தால், ஹிட்ச்சுக்கு 800 போக, ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவது 700 பவுண்டுதான். பெரியவர்கள் நால்வரும் ஓர் அரிசி மூட்டையும் ஏறினால் அது தீர்ந்துவிடும். இழுக்கும் திறன் பல ஆயிரம் பவுண்டு என்று விளம்பரம் செய்யப்பட்ட டிரக்குகளிலும் முதலில் தீர்ந்துபோவது இந்தச் சுமைத்திறன்தான்.

எடையைக் குறைக்க எளிய வழி தண்ணீர். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல். குழாய் இணைப்புள்ள இடத்துக்குப் போகிறவர்கள் வழிச்செலவுக்கு ஐந்தாறு கேலன் மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

பிற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயர்களின் தேய்மானத்தை மட்டுமல்ல, பக்கவாட்டில் பொறித்துள்ள தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பாருங்கள். நின்றபடியே மூப்படையும் டயர்கள் டிரெய்லர் டயர்கள். அவற்றில் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்கே உரியவை என்பதால், மேற்கு டெக்சஸில் 75 மைல் என்று பலகை இருந்தாலும் அது உங்களுக்கானது அல்ல. பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காகக் கோத்திருக்க வேண்டும். டிரெய்லர் கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்கச் செய்யும் கம்பியைச் சங்கிலியுடன் சேர்க்காமல் தனியே டிரக்கில் மாட்டியிருக்க வேண்டும். டிரெய்லரின் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் பிரேக் கண்ட்ரோலரைக் காலியான ஓர் இடத்தில் மெதுவாக ஓட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நான்காம் படி: பாதை

கிழக்கிலிருந்து, அதாவது டல்லஸ் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அமரில்லோவில் ஓரிரவு தங்கி, மறுநாள் ஐ-40 நெடுஞ்சாலையில் மேற்கே போவது வசதியானது. அமரில்லோவிலிருந்து சான்டா ஃபே சுமார் 280 மைல். வழிகாட்டிச் செயலி சில நேரங்களில் ஆல்புகர்க்கி வரை போய்த் திரும்பச் சொல்லும், அது தேவையில்லை. கிளைன்ஸ் கார்னர்ஸ் என்ற இடத்தில் ஐ-40ஐ விட்டு விலகி, 285ஆம் எண் சாலையில் வடக்கே திரும்பினால், நகர நெரிசல் ஏதுமின்றி ஐ-25ஐ 290ஆம் வெளிவாயில் அருகே அடையலாம். மேட்டுச் சமவெளியில் போகும் இந்தப் பகுதியில் காற்றுக்கு மறைப்பே இல்லை என்பதை மட்டும் நினைவில் கொள்க.

டென்வரிலிருந்து தெற்கே வருகிறவர்கள் ஐ-25இலேயே வரலாம். கொலராடோ எல்லையில் உள்ள ராட்டன் கணவாய் 7,834 அடி. ஏறும்போது வலது தடத்தில், எஞ்சினின் வெப்பமானியைப் பார்த்தபடி நிதானமாக ஏறுங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே இறங்குவது பிரேக்கைச் சுட்டுத் தீய்ப்பதற்கு ஒப்பாகும். முன்கூட்டியே கியரைக் குறைத்து, எஞ்சினே வேகத்தைப் பிடித்துவைக்கும்படி செய்யுங்கள். ஆல்புகர்க்கியிலிருந்து வடக்கே வருகிறவர்களுக்கு லா பஹாதா என்ற ஏற்றம் இருக்கிறது. 1937 வரை சான்டா ஃபே வழியாகப் போன பழைய ரூட் 66 சாலை, இதே சரிவில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறியது. இன்றைய நெடுஞ்சாலையில் அது நீண்ட ஏற்றம் மட்டுமே.

ராட்டனிலிருந்து வரும் வழியில், லாஸ் வேகாஸ் என்ற சிறு நகரத்தை (நெவாடாவில் உள்ளது அன்று, நியூ மெக்சிகோவில் உள்ளது) நெருங்கும்போது மேற்கே உள்ள மலைகளைக் கவனியுங்கள். 2022இல் இப்பகுதியில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அம்மாநில வரலாற்றில் மிகப் பெரிய காட்டுத்தீ அது. வனத்துறையினரே திட்டமிட்டு மூட்டிய தீ கைமீறிப் போனதில் தொடங்கியது. முதல் வருகை அதற்கு முன் நடந்திருந்தால், நினைவில் இருக்கும் பசுமை சில சரிவுகளில் இருக்காது.

ஐந்தாம் படி: டிரெய்லருக்கு இடம்

மூன்று வகை இடங்கள் உண்டு. முதலாவது, நகரின் தெற்கே, ஐ-25க்கு அருகில் உள்ள ஆர்வி பார்க்குகள், அதாவது டிரெய்லர்களையும் மோட்டார் வீடுகளையும் நிறுத்தித் தங்கும் இடங்கள். 14ஆம் எண் சாலைப் பக்கம் உள்ள சான்டா ஃபே ஸ்கைஸ் இவற்றுள் ஒன்று. மரநிழல் குறைவு, அதற்கு ஈடாக நான்கு புறமும் மலைகளும் அகன்ற வானமும் தெரியும். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் கிடைக்கும். இரண்டாவது, தென்கிழக்கே ஓல்டு லாஸ் வேகாஸ் ஹைவேயின் ஓரமாகப் பின்யோன், ஜூனிப்பர் மரங்களுக்கிடையே அமைந்த முகாம்கள். நிழல் உண்டு, ஆனால் இடைவெளிகள் குறுகலாக இருக்கும் என்பதால் டிரெய்லரின் நீளத்தைச் சொல்லி முன்பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது, நகருக்கு வடகிழக்கே மலைமேல் உள்ள ஹைட் மெமோரியல் மாநிலப் பூங்கா. சுமார் 8,500 அடி உயரம், அடர்ந்த காடு, அழகுக்குக் குறைவில்லை. ஆயினும் வளைந்து ஏறும் சாலையும் குறைவான மின் இணைப்புகளும் இருப்பதால், சிறிய டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் வருகைக்கு நான் தேர்ந்தெடுப்பது முதல் வகையைத்தான். காரணம் வசதி மட்டுமல்ல. 599ஆம் எண் சாலை ஐ-25ஐச் சந்திக்கும் இடத்தில் ரெயில் ரன்னர் என்ற பயணியர் ரயிலுக்கு ஒரு நிலையமும் கார் நிறுத்துமிடமும் உள்ளன. முகாமிலிருந்து சிறிது தூரத்தில் டிரக்கை அங்கே நிறுத்திவிட்டு ரயிலேறினால், நகர மையத்தின் விளிம்பில் உள்ள டிப்போ நிலையத்தில் இறங்கலாம். மேலும், வடக்கே டாவோஸ் பக்கம் போகும் நாளில் இதே 599 சாலை நகரைச் சுற்றிக்கொண்டு போக உதவும்.

எத்தனை இரவுகள்? குறைந்தது நான்கு. இரண்டு இரவுகளென்றால் டிரெய்லரைச் சமன்செய்வது, இணைப்பது, மீண்டும் கழற்றுவது ஆகியவற்றிலேயே ஒரு நாளின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஐந்தாறு இரவுகள் கிடைத்தால், ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் விடலாம்.

ஆறாம் படி: வந்து சேரும் நாள்

மாலை நான்கு மணிக்குள் வந்துவிடுங்கள். இருட்டில், அறிமுகமில்லாத இடத்தில் பின்னோக்கி ஓட்டி நிறுத்துவது தம்பதியரின் ஒற்றுமைக்கு நல்லதன்று. முன்பின் நகர்த்தாமல் நேராக நுழைந்து வெளியேறும் வகை இடம் கிடைத்தால் கூடுதல் கட்டணம் கொடுத்தாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பக்கவாட்டில், அதாவது இடம் வலமாகச் சமன்செய்ய வேண்டும். தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ்ப் பலகைகளை வைத்து ஏற்ற வேண்டும். அதன்பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. முட்டுக்கட்டை வைத்த பிறகே ஹிட்ச்சைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் டிரெய்லர் தானாக உருளக்கூடும். பிறகு முன்பக்கத் தூக்கியால் நீளவாட்டில் சமன்செய்யலாம். எரிவாயுவில் இயங்கும் பழைய வகைக் குளிர்பெட்டி சாய்வாக நின்றால் சரியாகக் குளிராது என்பதால், இது வெறும் தூக்க வசதிக்கான வேலை அல்ல.

மின் இணைப்பில் 30 ஆம்பியர் வகை மொத்தம் 3,600 வாட் மட்டுமே தரும். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் மின்சார அடுப்பையும் சேர்த்துப் போட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும். செப்டம்பர் இறுதிக்குப் பிறகு இரவில் உறைநிலை வரக்கூடும். படுக்கப் போகும் முன் வெளித் தண்ணீர்க் குழாயைக் கழற்றிவிட்டு, உள் தொட்டியில் சிறிது நிரப்பிப் பம்பு மூலம் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகக் காத்திருப்பவர் பசியுடன் உறங்க வேண்டியதுதான். குக்கர் கொண்டுவருவது இங்கே ஆடம்பரமல்ல. சமவெளியில் மூடிய ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்கும்போதும் கவனமாக இருங்கள். உள்ளே அழுத்தம் கூடியிருக்கும், எண்ணெய் பீறிடும்.

முதல் நாள் மாலை நகருக்குள் போகவே வேண்டாம். உயரத்தினால் தலைவலியும் மூச்சிரைப்பும் பலருக்கு முதல் நாள் இருக்கும். தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் படுங்கள்.

ஏழாம் படி: நகருக்குள், மெதுவாக

டிரெய்லரை எக்காரணம் கொண்டும் பசேயோ டி பெரால்டா என்ற வளையச் சாலைக்கு உள்ளே கொண்டுபோகாதீர்கள். பெரிய டிரக்கைத் தனியாகக் கொண்டுபோவதும் சிரமமே. பழைய தெருக்களில் திரும்பும் இடம் போதாது, அடுக்கு நிறுத்தங்களின் கூரை தாழ்வானது. ரயில்தான் நல்ல வழி. கதவு மூடும்போது ரோடுரன்னர் பறவையை நினைவூட்டும் ‘பீப் பீப்’ ஒலி எழுப்பும் ரயில் அது. குழந்தைகளுக்கு அதுவே பாதிப் பயணம். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில் டிப்போவில் இறங்கினால் எதிரிலேயே உழவர் சந்தை. முதல் வருகையில் விடுதி அறையில் தங்கியதால் வெறுமனே வேடிக்கை பார்த்த இடத்தில், இம்முறை டிரெய்லரில் அடுப்பு இருப்பதால் காய்கறி வாங்கலாம். இரண்டு வருகைகளுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் இடம் வேறில்லை. வாங்கிய பையைச் சுமந்துகொண்டு சுற்ற வேண்டியிருக்கும் என்பதால், கடைசியில் வாங்குங்கள். ஆனால் சந்தை பிற்பகல் தொடக்கத்திலேயே கலைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அருகிலேயே நியூ மெக்சிகோ கலை அருங்காட்சியகத்தின் சமகாலப் பிரிவான விளாடெம், 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் வந்தவர்களுக்கு இது புதியது.

பிளாசாவில் ஒரு மாற்றம் உடனே கண்ணில் படும். நடுவில் நின்ற, 1860களில் எழுப்பப்பட்ட போர்வீரர் நினைவுத்தூணை 2020 அக்டோபரில் பூர்வகுடியினர் தினத்தன்று போராட்டக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தனர். பூர்வகுடியினரை இழிவுபடுத்தும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்ததே நெடுங்கால மனக்கசப்புக்குக் காரணம். இந்நகரம் 1680இல் போபே என்பவர் தலைமையில் பூர்வகுடிகள் ஸ்பானியரை முற்றாக விரட்டிய புரட்சியைக் கண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே ஸ்பானியர் திரும்ப முடிந்தது. இவ்வரலாற்றை அறிந்து பிளாசாவில் நிற்பதும், அறியாமல் படம் எடுத்துக்கொண்டு நகர்வதும் ஒன்றல்ல.

பிளாசாவின் வடபுறம் உள்ள ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கலைஞர்கள் விரிப்பில் வெள்ளி, நீலப்பச்சைக் கல் நகைகளை வைத்து விற்கிறார்கள். உட்காரும் இடத்தை அன்றன்று குலுக்கல் மூலம் ஒதுக்குவது வழக்கம். செய்தவரோ அவர் குடும்பத்தாரோதான் விற்க முடியும் என்பது அங்குள்ள விதி; எனவே பொருளைப் பற்றிக் கேட்டால் செய்தவரிடமிருந்தே விடை கிடைக்கும். அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுவதைத் தவிர்ப்பது நாகரிகம்.

முதல் முறை கேனியன் சாலையின் கலைக்கூடங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருப்பீர்கள். இம்முறை கூடங்களை விட்டுவிட்டுச் சுவர்களைப் பாருங்கள். களிமண்ணும் வைக்கோலும் கலந்து வெயிலில் உலர்த்திய அடோபி செங்கல்லால் கட்டியவை எவை, அதே தோற்றத்துக்காகச் சிமெண்டைப் பூசிக்கொண்டவை எவை என்று ஊகிப்பது ஒரு நல்ல பொழுதுபோக்கு. நகரின் பழைய பகுதியில் இத்தோற்றம் கட்டாயம் என்று 1957இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அசல் மண்சுவரைக் காண வேண்டுமென்றால், புரட்சியில் சிதைந்து 1710இல் மீண்டும் கட்டப்பட்ட சான் மிகேல் தேவாலயத்துக்குப் போங்கள்.

மாலையில் ஆப்பரா என்னும் இசைநாடகம். 1957இல் தொடங்கிய சான்டா ஃபே ஆப்பராவின் அரங்கம் நகருக்கு வடக்கே, பக்கச்சுவர்கள் இல்லாமல் மலைக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. பருவம் கோடையில் ஆகஸ்டு இறுதிவரை. நிகழ்ச்சிக்கு முன் வாகன நிறுத்தத்தில் மேசை விரித்து உணவருந்துவது இங்கே பழைய வழக்கம், பட்டுடுத்தியவர்களும் அதைச் செய்கிறார்கள். டிரெய்லரிலிருந்து மடக்கு மேசையையும் புளியோதரையையும் கொண்டுபோகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான அரங்கம் கிடைக்காது. போர்வையோ தடித்த மேலாடையோ கட்டாயம், இரவில் குளிரும்.

உணவில், சிவப்பு மிளகாய்க் குழம்பா பச்சையா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டுமென்றால் ‘கிறிஸ்துமஸ்’ என்று சொல்ல வேண்டும். சைவ உணவினர் பச்சைக் குழம்பில் பன்றி இறைச்சியும், பீன்ஸில் பன்றிக் கொழுப்பும் சேர்ந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்பது அவசியம். சிலநாள் சோளரொட்டிக்குப் பின் நாக்கு வீட்டைத் தேடினால், கோர்டோவா சாலையில் பேப்பர் தோசா என்ற தென்னிந்திய உணவகம் இருக்கிறது.

எட்டாம் படி: ஒரே ஒரு வெளிப்பயணம்

நான்கைந்து நாள் தங்குகிறவர்கள் கீழே உள்ள மூன்றில் வெளிப்பயணம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், டிரெய்லரை முகாமிலேயே விட்டுவிட்டு.

முன்பு வந்தபோது டென்ட் ராக்ஸ் என்ற கூம்புப் பாறைகளுக்குச் சும்மா போய்வந்தவர்கள், இம்முறை அப்படிப் போக முடியாது. 2020இல் மூடப்பட்ட அவ்விடம் 2024 நவம்பரில்தான் திறந்தது. இப்போது இணையவழி முன்பதிவும், கொச்சிட்டி பூர்வகுடியினர் வழங்கும் தனி அனுமதியும் வேண்டும். எண்ணிக்கை வரம்பு இருப்பதால் பாறையிடுக்கில் கூட்டமில்லாமல் நடக்கலாம். எனக்கு இந்த ஏற்பாடு பழையதைவிட மேலாகவே படுகிறது.

பேண்டலியர் தேசிய நினைவிடத்தில், பூர்வகுடி முன்னோர் மென்மையான எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து அமைத்த அறைகள் உள்ளன. முதல் முறை கீழ்ப்பாதையோடு திரும்பியவர்கள், மர ஏணிகளும் கற்படிகளும் வழியாக 140 அடி ஏறும் ஆல்கோவ் ஹவுஸ் குகையைப் பார்க்கலாம். உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு அது வேண்டாம். கோடைப் பருவத்தில் பகல் நேரத்தில் வொய்ட் ராக் ஊரிலிருந்து பேருந்தில்தான் போக வேண்டியிருக்கும்.

டாவோஸுக்கு ‘உயர் சாலை’ வழியாகப் போவதானால், 1816இல் கட்டிமுடித்த சிமாயோ தேவாலயத்தில் நின்றுபோங்கள். சிற்றூர்களின் ஊடே சுருங்கி வளையும் இப்பாதையில் டிரெய்லர் இழுக்கக் கூடாது. பூர்வகுடிக் கிராமங்களில் சடங்கு ஆட்டம் நடக்கும்போது படம் எடுப்பதற்கும் வரைவதற்கும் தடை உண்டு. அங்கே கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்காமல் இருப்பதே மரியாதை. சில நாள்களில் கிராமமே வெளியாருக்கு மூடியிருக்கும், முன்னதாக விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

ஒன்பதாம் படி: கிளம்புதல்

கிளம்புவதற்கு முந்தின மாலையிலேயே வெளியே விரித்த பந்தலைச் சுருட்டிவிடுங்கள். காலைப் பனியில் நனைந்த துணியைச் சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். காலையில் முதலில் கழிப்பறைத் தொட்டியையும், அதன்பின் குளியல், சமையல் கழிவுநீர்த் தொட்டியையும் திறந்துவிட வேண்டும். பின்னதின் சோப்புநீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும் என்பதால்தான் இந்த வரிசை. எரிவாயு சிலிண்டரை மூடி, மேற்கூரைத் துளைகளை அடைத்து, உள்ளே அலமாரிகளைப் பூட்டுங்கள். ஹிட்ச்சைப் பூட்டிய பின், முன்பக்கத் தூக்கியைச் சற்றே உயர்த்தி டிரக்கின் பின்புறம் சேர்ந்து எழுகிறதா என்று பார்த்தால், பூட்டு உண்மையில் பிடித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். விளக்குகளைச் சோதித்து, டயர்களின் காற்றை அவை குளிர்ந்திருக்கும்போதே அளந்து, முட்டுக்கட்டைகளை எடுத்துவைத்த பிறகு, முகாமை விட்டு வெளியேறும் முன் மெதுவான வேகத்தில் ஒருமுறை டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்திப் பாருங்கள்.

கிழக்கே திரும்புகிறவர்கள் காற்றின் முன்னறிவிப்பைப் பார்க்காமல் 285இல் ஏறக் கூடாது. பிற்பகலில்தான் காற்று வலுக்கும் என்பதால் விடியலில் கிளம்பினால் காற்று ஓங்கும் முன் சமவெளியின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். மணிக்கு 40 மைலுக்கு மேல் வீசும் என்று அறிவித்திருந்தால், முகாம் அலுவலகத்தில் இன்னோர் இரவுக்குப் பணம் கட்டிவிட்டு, பட்டியலில் மிச்சமிருக்கும் ஏதாவது ஒன்றுக்கு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.